மெஸ்ஸி கேக் வெட்டி முடிச்சதும் ஒரு மணி நேரம் குடுங்க

எங்க ஊர் ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப் தம்பிங்க எல்லாருக்கும், கமிட்டில இருக்கற பெரியவங்களுக்கும்,

உங்க ஓண நிகழ்ச்சிக்கும் ஏழு பேர் ஆடற செவன்ஸ் ஃபுட்பால் மேட்சுக்கும் பூரத்துக்கும் மைக்செட் கட்டற அண்ணன் எழுதறேன். வாட்ஸ்அப் குரூப்புல நாலு வரி போட்டிருக்கலாம்தான், ஆனா நாலு வரில அடங்கற விஷயமா தோணல, அதனால ஒக்காந்து டைப் பண்றேன், எனக்கு மலையாளம் பேச வர்ற அளவுக்கு எழுத வராது, கிளப்புல தமிழ் மீடியம் படிச்ச தம்பிங்க இருக்கீங்க, மத்தவங்களுக்கு நீங்க வாசிச்சு அர்த்தம் சொல்லிடுங்க. விஷயம் ஜூன் 24 பத்தி, அன்னைக்குப் பொறந்த மியூசிக் டைரக்டர் எம்.எஸ். விஸ்வநாதனையும் கவிஞர் கண்ணதாசனையும் பத்தி.

போன ஜூன் 24 சாயங்காலம் கிளப் முன்னாடி நீலமும் வெள்ளையுமா ஃபிளெக்ஸ், அதே கலர்ல கேக், சின்னப் பசங்க எல்லாம் முதுகுல 10 போட்ட ஜெர்சி, நான்தான் ரெண்டு பாக்ஸும் ஒரு கார்ட்லெஸ் மைக்கும் கொண்டு வந்து வச்சேன். மெஸ்ஸி 1987 ஜூன் 24 ரொசாரியோல பொறந்தவர், அது எனக்கும் தெரியும், 2022 டிசம்பர் 18 ஃபைனல் அன்னைக்கு உங்க கூட நானும் ஸ்கிரீன் முன்னாடி நின்னு கத்தினவன்தான். கோழிக்கோடு பக்கம் புல்லாவூர் ஆத்துக்குள்ள மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் ரொனால்டோவுக்கும் கட்அவுட் வச்சதை உலகமே பாத்துச்சே, அந்தப் பாசம் நம்ம மண்ணுல இருக்கறது நல்ல விஷயம். அதைக் கொறைக்கச் சொல்லி நான் எழுதல.

கேக் வெட்டினதுக்கு அப்புறம் க்விஸ் வச்சீங்க. "இந்த டேட்ல பொறந்த வேற ஃபேமஸ் ஆளுங்க யாரு"ன்னு ஒரு கேள்வி. க்விஸ் நடத்தின தம்பி ஃபோனைப் பாத்துப் படிச்சாரு, நடிகை விஜயசாந்தி 1966, இங்கிலாந்து கிட்டாரிஸ்ட் ஜெஃப் பெக் 1944, எல்லாம் கரெக்ட்தான். நான் ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல நின்னுட்டே இப்ப சொல்லுவாரு இப்ப சொல்லுவாருன்னு காத்துட்டிருந்தேன், சொல்லல, அடுத்த கேள்விக்குப் போயிட்டாரு. நான் மெதுவா போய் "தம்பி, எம்.எஸ். விஸ்வநாதன் பேர் விட்டுப் போச்சு, கண்ணதாசனும் இன்னைக்குத்தான்"னேன். அதுக்கு அந்தத் தம்பி மரியாதையாத்தான் சொன்னாரு, "அவரு தமிழ்நாட்டு ஆளல்லே ஏட்டா"ன்னு, அதாவது அவரு தமிழ்நாட்டு ஆளுதானே அண்ணான்னு. பக்கத்துல இருந்தவங்களும் ஆமான்னு தலையாட்டினாங்க. நான் ஒண்ணும் சொல்லாம திரும்பி வந்து வால்யூமைப் பாத்துட்டு நின்னுட்டேன். அன்னைக்கு சொல்லாம விட்டதைத்தான் இப்ப எழுதறேன்.

எம்.எஸ். விஸ்வநாதன் பொறந்தது எலப்புள்ளி. 1928 ஜூன் 24. நம்ம எலப்புள்ளிதான் தம்பிகளா, வேற எங்கயோ இருக்கற எலப்புள்ளி இல்ல. நீங்க பாலக்காட்டுக்குக் காலேஜ் போற பஸ்ஸு அந்த வழியாப் போகுது, பனைமரமும் வயலுமா வருமே, கண்டக்டர் பேர் சொல்லிக் கூவுவாரே அதே ஊரு. மனயங்கத்து சுப்பிரமணியன் விஸ்வநாதன்னு முழுப் பேரு, வீட்டுப் பேரோட. அப்பா சின்ன வயசுலயே போயிட்டாரு, கஷ்டப்பட்ட குடும்பம், தாத்தா கண்ணூருக்குக் கூட்டிட்டுப் போய் வளத்தாரு, அங்க நீலகண்ட பாகவதர்னு ஒருத்தர்கிட்ட பாட்டுப் படிச்சாரு. அப்புறம் வாளையாறு தாண்டி கோயம்புத்தூரு. அப்ப ஜூபிடர் பிக்சர்ஸ்னு பெரிய கம்பெனி, சென்ட்ரல் ஸ்டுடியோல படம் எடுத்துட்டிருந்தாங்க, அங்க எஸ்.எம். சுப்பையா நாயுடுன்னு மியூசிக் டைரக்டர், அவர்கிட்ட எடுபிடியா நின்னு ஆர்மோனியத்துல கை வச்சவரு.

அதே ஜூபிடர் படத்துலதான் 1949-ல கண்ணதாசனோட முதல் பாட்டு வந்துச்சு. கண்ணதாசன் பொறந்தது 1927 ஜூன் 24, காரைக்குடி பக்கம் சிறுகூடல்பட்டி, முத்தையான்னு பேரு. சரியா ஒரே வருஷ வித்தியாசம், தேதி ஒண்ணே. ஒருத்தர் செட்டிநாட்டுல இருந்து வந்தவரு, ஒருத்தர் பாலக்காட்டுல இருந்து வந்தவரு, ரெண்டு பேரும் சோத்துக்கு வழி தேடி வந்த பசங்க, கடைசில ஒரே ஆர்மோனியத்துக்கு ரெண்டு பக்கம் ஒக்காந்தாங்க. 1952-ல 'பணம்'னு ஒரு படம், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் டைரக்‌ஷன், கண்ணதாசனோட அண்ணன் ஏ.எல். சீனிவாசன் புரொடியூசர், விஸ்வநாதன் ராமமூர்த்தின்னு ரெண்டு பேரும் ஜோடியா மியூசிக் போட்ட முதல் படம் அதுதான், பாட்டு எழுதினவரு கண்ணதாசன். அங்க ஆரம்பிச்சது கண்ணதாசன் 1981 அக்டோபர் 17 சிகாகோல கண்ணை மூடற வரைக்கும் ஓடுச்சு. இடையில 1965-ல விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பிரிஞ்சாங்க, அது தனிக்கதை, ராமமூர்த்தி ஐயாவோட வயலினைப் பத்திப் பேச ஆரம்பிச்சா இந்த லெட்டர் முடியாது.

ஜெஃப் பெக்கைச் சொன்னதுல எனக்கு வருத்தமில்ல, கிட்டார் வாசிக்கற தம்பிங்க கிளப்புல ரெண்டு பேர் இருக்கீங்க, உங்களுக்கு அவரு பெரியவரு. விஜயசாந்தி நம்ம தியேட்டர்ல ஓடின காலத்துல நானே போஸ்டர் வண்டில மைக் கட்டிட்டுப் போயிருக்கேன். ஒரு தேதின்னா அதுல பல பேர் பொறந்திருப்பாங்க. ஆனா நம்ம பஸ் ரூட்டுல பொறந்தவரு ஒருத்தர்தான்.

இப்ப அந்தத் தம்பி சொன்ன வார்த்தைக்கு வரேன். இங்க அவரைத் தமிழ்நாட்டு ஆளுன்னு சொல்றீங்க. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி பொள்ளாச்சில ஒரு கல்யாணத்துக்கு செட் கட்டப் போயிருந்தேன், சாப்பாட்டுப் பந்தில பழைய பாட்டு போட்டேன், ஒரு பெரியவர் ரசிச்சுக் கேட்டுட்டிருந்தாரு, நான் பெருமையா "இவரு எங்க ஊர்ப் பக்கம் பொறந்தவருங்க, எலப்புள்ளி"ன்னேன், உடனே பக்கத்துல இருந்தவரு "அப்ப மலையாளத்தானா"ன்னு கேட்டாரு. கேட்ட விதம் எனக்குச் சங்கடமா இருந்துச்சு. இந்தப் பக்கம் கேட்டா அந்தப் பக்கத்து ஆளு, அந்தப் பக்கம் கேட்டா இந்தப் பக்கத்து ஆளு. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரப்பதின்னு இந்த எல்லைப் பெல்ட்டுல வளந்தவங்களுக்கு இது புதுசில்ல, ரேஷன் கார்டு மலையாளத்துல, வீட்டுக்குள்ள பேச்சு தமிழ்ல, காலேஜுல பாண்டின்னு கூப்பிடுவாங்க, கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனா மலையாளத்தான்னு கூப்பிடுவாங்க. நான் ரெண்டையும் கேட்டு வளந்தவன். அதனாலதான் அன்னைக்கு அந்த வார்த்தை எனக்கு அப்படிச் சுருக்குன்னு தெச்சுச்சு.

தமிழ்நாட்டுல எந்த அரசு விழா ஆரம்பிச்சாலும் தமிழ்த்தாய் வாழ்த்து பாடுவாங்க, நீங்க டிவில பாத்திருப்பீங்க, எல்லாரும் எந்திரிச்சு நிப்பாங்க, 55 செகண்டு. அந்த மெட்டு போட்டவரு நம்ம எலப்புள்ளிக்காரரு, 1970-ல, மோகன ராகத்துல. அந்தப் பாட்டை எழுதினவரு மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை, அவரு பொறந்தது ஆலப்புழை, திருவனந்தபுரம் மகாராஜா காலேஜுல ஃபிலாசஃபி புரொபசரா இருந்தவரு, 1891-ல எழுதின நாடகத்தோட ஆரம்பத்துல வர்ற பாட்டு அது. ரெக்கார்டிங்ல பாடினது டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும், சுசீலாம்மா ஆந்திரா விஜயநகரம். 2021 டிசம்பர்ல அதை மாநிலப் பாட்டுன்னே அரசாங்கம் அறிவிச்சுச்சு. யோசிச்சுப் பாருங்க தம்பிகளா, தமிழ்நாடே எந்திரிச்சு நிக்கற ஒரு பாட்டுக்கு வரி தந்தவரு ஆலப்புழைல பொறந்தவரு, மெட்டு தந்தவரு பாலக்காட்டுல பொறந்தவரு. இதை நான் எங்க சொன்னாலும் கேக்கறவங்க ஒரு நிமிஷம் பேசாம நிக்கறாங்க. அப்புறம் மறுபடி சொல்லச் சொல்லிக் கேக்கறாங்க.

மலையாளத்துலயும் அவரு பண்ணினது கொஞ்சமில்ல. 1971-ல 'லங்காதகனம்' படம், ஸ்ரீகுமாரன் தம்பிங்கற கவிஞர் எழுதின பாட்டு, யேசுதாஸ் பாடினது, உங்க வீட்டுப் பெரியவங்க இன்னைக்கும் முணுமுணுப்பாங்க. அப்புறம் 'பணிதீராத்த வீடு', கவிஞர் வயலார் எழுதின பாட்டு, அதுல பாடின சுப்ரபாதத்துக்கு ஜெயச்சந்திரனுக்குக் கேரள ஸ்டேட் அவார்டு கெடச்சுச்சு. ஜெயச்சந்திரன் 2025 ஜனவரில போனப்ப நீங்க கிளப்புல அந்தப் பாட்டை நாள் முழுக்கப் போட்டீங்க, ஞாபகம் இருக்கா? செட்டு என்னோடதுதான். அன்னைக்கு அந்தப் பாட்டுக்கு மியூசிக் யாருன்னு ஒருத்தரும் கேக்கல. அதே படத்துல கண்ணீர்த்துளியைப் பத்தி ஒரு பாட்டு வரும், விஸ்வநாதனே பாடினது. கொரல்னு பாத்தா யேசுதாஸ் மாதிரி இழைஞ்சு போற கொரல் இல்ல, கொஞ்சம் கரடுமுரடா, அடிவயித்துல இருந்து வர்ற கொரல், ஆனா மேல் ஸ்தாயிக்குப் போறப்ப யாரோ தூரத்துல மலை மேல நின்னு கூப்பிடற மாதிரி இருக்கும்.

2015 ஜூலை 14, செவ்வாய்க்கிழமை, அவரு சென்னைல காலமான நாள். காலைல டீக்கடை டிவில பாத்தேன். அன்னைக்கு எனக்கு ஆர்டர் எதுவும் இல்ல. சாயங்காலம் வீட்டு முன்னாடி திண்ணைல ரெண்டு பாக்ஸ் வச்சு, சத்தமில்லாம, தெரு மட்டும் கேக்கற அளவுக்குப் பாட்டு போட்டேன். மழை தூறிட்டிருந்துச்சு, பாக்ஸு மேல பிளாஸ்டிக் சாக்கு போட்டு மூடினேன். கொஞ்ச நேரத்துல எதிர்வீட்டு அம்மா வந்து நின்னாங்க, தமிழ்க்காரங்க, 'கர்ணன்' படத்துப் பாட்டு இருந்தாப் போடு சாமின்னாங்க. போட்டேன். அது ஓடிட்டிருக்கறப்ப கள்ளு எறக்கற சேட்டன் ஒருத்தர் சைக்கிள்ல வந்தவரு நிறுத்தினாரு, எதுக்குப் பாட்டுன்னு கேட்டாரு, சொன்னேன். அப்ப அவரு பணிதீராத்த வீட்டுப் பாட்டு இருக்கான்னு கேட்டாரு. அதையும் போட்டேன். எதிர்வீட்டம்மா "இது மலையாளப் பாட்டாச்சே, இதுக்கும் அவருதானா"ன்னாங்க. சேட்டன் கர்ணனுக்கு மியூசிக் யாருன்னு என்கிட்ட கேட்டாரு, அதுவும் இவருதான், ராமமூர்த்தியோட சேந்து போட்டதுன்னேன். ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. இத்தனை வருஷம் ஒரே தெருவுல இருந்து ஒரே ஆளோட பாட்டைத்தான் ரெண்டு வீட்டுலயும் கேட்டிருக்காங்க, அந்தம்மாவுக்கு விஸ்வநாதன் தமிழ்ப்பாட்டுக்காரரு, சேட்டனுக்கு மலையாளப் பாட்டுக்காரரு. எலப்புள்ளின்னு நான் சொன்னதும் சேட்டன் "நம்முடெ எலப்புள்ளியோ"ன்னு ரெண்டு தடவை கேட்டாரு. சைக்கிளை ஸ்டாண்டு போட்டுட்டு பத்து மணி வரைக்கும் ஒக்காந்துட்டுத்தான் போனாரு.

அந்த ராத்திரி மாதிரி ஒரு ராத்திரி நம்ம கிளப் மைதானத்துல வருஷா வருஷம் வரணும், அதுக்குத்தான் இவ்வளவும்.

எங்கப்பாவைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். அவருதான் இந்தத் தொழிலை ஆரம்பிச்சாரு, அப்ப ரெக்கார்டு பிளேயரும் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரும் நாலு கோளாம்பியும்தான், அதாவது கொழா ஸ்பீக்கரும்தான் மொத்தச் சொத்து. கல்யாணத்துக்கு முந்தின நாள் தென்னைமரத்துல கோளாம்பி கட்டுவாரு, நான் கீழ நின்னு வயர் குடுப்பேன். சின்ன ரெக்கார்டு 45 சுத்து, அது தேஞ்சு போனா ஊசி ஒரே எடத்துல நின்னு திரும்பத் திரும்ப அதே வார்த்தையைச் சொல்லும், அதுக்கு அப்பா ஊசி இருக்கற கை மேல ஒரு நாலணா காசை வச்சு டேப் ஒட்டுவாரு, வெயிட்டுக்கு. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததே ரெக்கார்டு நடுவுல இருக்கற வட்டத்தைப் பாத்துத்தான். கண்ணதாசன், விஸ்வநாதன் ராமமூர்த்தி, சுசீலா, சௌந்தரராஜன், இந்தப் பேருங்கதான் நான் முதல்ல படிச்ச இங்கிலீஷு. ஒரே தேதில பொறந்தவங்கன்னு சொன்னதும் அப்பாதான். ஜூன் 24 வந்தா ஆர்டர் இருந்தாலும் இல்லாட்டியும் செட்டைத் தொடச்சு, முதல் ரெக்கார்டு அவங்க ரெண்டு பேரோடதுதான் போடுவாரு.

தொழில்காரனா ஒண்ணு சொல்றேன், பாட்டு கத்துக்கற தம்பிங்க கவனிங்க. ஜூன் மாசம் நம்ம பாலக்காட்டுக் கணவாய்க் காத்து எப்படின்னு உங்களுக்குத் தெரியும், மைக்குல புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிக்கும், பாக்ஸ் சத்தத்தைத் தூக்கிட்டுப் போய் எங்கயோ போட்டுடும். இப்ப வர்ற பாட்டுல பாதி அடிச்சத்தம், ட்ரம்ஸும் பாஸும், அது பத்தடிக்குள்ள நெஞ்சுல அடிக்கும், தாண்டினா கொழகொழன்னு ஆயிடும். அந்தக்காலப் பாட்டுல கொரல் முன்னாடி நிக்கும், புல்லாங்குழலும் வயலினும் கொரலுக்கு நடுவுல கெடைக்கற எடத்துல மட்டும் வந்துட்டுப் போகும், பாடறப்ப ஒதுங்கிக்கும். அதனால அந்தக் காத்துலயும் வயல் தாண்டி வார்த்தை வார்த்தையா கேக்கும். வார்த்தை கேக்கணும்னே மெட்டுப் போட்ட மனுசன் அவரு. பக்கத்துல கண்ணதாசன் மாதிரி ஒருத்தர் ஒக்காந்திருந்தா யாருக்குத்தான் அவரு வார்த்தைய மூட மனசு வரும்?

மெட்டுக்குப் பாட்டா பாட்டுக்கு மெட்டான்னு சினிமால எப்பவும் ஒரு பேச்சு உண்டு. இவங்க ரெண்டு பேர்கிட்டயும் ரெண்டும் நடந்திருக்கு. விஸ்வநாதன் ஆர்மோனியத்துல தானனன்னு பாடுவாரு, கண்ணதாசன் வரியைச் சொல்லிட்டே போவாரு, பஞ்சு அருணாசலம் கூட இருந்து எழுதிக்குவாரு. 1976-ல வந்த 'மூன்று முடிச்சு' படத்துல படகுல போறப்ப ஒரு பாட்டு வரும், ஒரு வரி முடியற வார்த்தைலயே அடுத்த வரி ஆரம்பிக்கும், அந்தாதின்னு சொல்லுவாங்க, நம்ம பழைய புலவர்கள் பண்ணினது. அதை சினிமா மெட்டுக்குள்ள கொண்டாந்து வச்சாரு கண்ணதாசன், பாடினது வாணி ஜெயராமும் ஜெயச்சந்திரனும், கூடவே விஸ்வநாதன் கொரலும் வரும். தமிழ் தெரியாத தம்பிங்க கூட அந்தப் பாட்டைக் கேட்டா எங்க வரி முடிஞ்சு எங்க அடுத்தது ஆரம்பிக்குதுன்னு காதுலயே புடிச்சுடலாம். க்விஸ்ல போட நல்ல பாட்டு அது.

கண்ணதாசனையும் வெளியாளுன்னு நெனைக்காதீங்க. அவருக்கு 1980-ல சாகித்ய அகாடமி அவார்டு கெடச்ச நாவல் 'சேரமான் காதலி', சேர ராஜாவோட கதை, அதாவது நம்ம மண்ணோட கதை.

விஸ்வநாதனுக்கு நேஷனல் அவார்டும் கெடைக்கல, பத்ம விருதும் கெடைக்கல. 2012-ல தமிழ்நாட்டுல திரையிசைச் சக்கரவர்த்தின்னு பட்டம் குடுத்துக் கௌரவிச்சாங்க, அப்ப அவருக்கு 84 வயசு. டெல்லி குடுக்காததை நம்ம கிளப் குடுத்துட முடியாது, அது எனக்குத் தெரியும். நான் கேக்கறது பொறந்த நாளன்னைக்கு அவரு பொறந்த ஊருக்குப் பக்கத்துல ஒரு மணி நேரம் அவரு பாட்டு கேக்கணும்னு மட்டும்தான்.

ஜனவரி 17 எம்.ஜி.ஆர் பொறந்த நாள், அவங்கம்மா சத்யபாமா ஊரு நம்ம வடவன்னூர், அன்னைக்குத் தமிழ்நாட்டுல இருந்து வண்டி வண்டியா வந்து அந்த வீட்டைப் பாத்துட்டுப் போறாங்க. அந்த அளவுக்குக் கூட்டம் ஜூன் 24-க்கு வரும்னு நான் சொல்லல. ஆனா எலப்புள்ளில எங்கயாவது ஒரு பையன் பாட்டு கத்துக்கிட்டிருப்பான், அவனுக்காவது தெரியணும்.

இப்ப நான் கேக்கறதைத் தெளிவாச் சொல்லிடறேன். மெஸ்ஸி கேக் ஏழு மணிக்கு வெட்டுங்க, அதுல எந்த மாத்தமும் வேண்டாம். எட்டுல இருந்து ஒம்பது வரைக்கும் எனக்குக் குடுங்க. பத்துக்கு மேல மைக் கூடாது, அதனால அதுக்கு முன்னாடி முடிச்சுடலாம். கானமேளா பாட்டுக் கச்சேரி ட்ரூப்பெல்லாம் வேண்டாம், செலவு, நம்ம ஊர்லயே பாடறவங்க இருக்காங்க. தமிழ் தெரிஞ்ச பிள்ளைங்க மலையாளப் பாட்டைப் பாடட்டும், மலையாளத்துப் பிள்ளைங்க தமிழ்ப் பாட்டைப் பாடட்டும், தப்பு வந்தா வரட்டும், விஸ்வநாதனே மலையாள வாசனையோட தமிழ் பேசினவருதான், யாரும் அதை ஒரு கொறையாச் சொன்னதில்ல. பாட வெக்கப்படறவங்களுக்கு நான் ஒரிஜினல் போடறேன். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாடி யாரு எழுதினது, யாரு மெட்டு, எந்த வருஷம்னு ஒரு தம்பி ரெண்டு பாஷைலயும் சொல்லிடணும், அதை எழுதித் தர்றது என் பொறுப்பு. ஃபிளெக்ஸ்ல மெஸ்ஸிக்குப் பக்கத்துல எடம் கேக்க மாட்டேன், தனியா சின்னதா ஒண்ணு, நாலுக்கு மூணடி போதும், ரெண்டு பேர் படமும் பொறந்த ஊர்ப் பேரும், எலப்புள்ளி, சிறுகூடல்பட்டி. தமிழ்ல ஒரு வரி மலையாளத்துல ஒரு வரி. அந்தக் காசு நான் தர்றேன்.

செட்டுக்கு வாடகை வேண்டாம். அன்னைக்கு வேற ஆர்டர் எடுக்கலன்னு இப்பவே டைரில எழுதி வச்சுட்டேன்.

இன்னொரு விஷயம், கமிட்டிக்காரங்க கொஞ்சம் முன்கூட்டியே யோசிக்க வேண்டியது. 2027 ஜூன் 24 கண்ணதாசனுக்கு நூறு வயசு, வியாழக்கிழமை வருது. 2028 ஜூன் 24 விஸ்வநாதனுக்கு நூறு, அது சனிக்கிழமை. சென்னைலயும் காரைக்குடிலயும் கட்டாயம் பெரிசா எதாவது பண்ணுவாங்க. நம்ம பக்கத்துல யாராவது ஆரம்பிச்சாத்தான் உண்டு, பஞ்சாயத்துகிட்ட கேக்கறதா இருந்தாலும், ஸ்கூல் பிள்ளைங்களைச் சேக்கறதா இருந்தாலும், ஒரு கிளப் முன்னாடி நின்னு கேட்டா ஒரு மரியாதை, நான் ஒத்தையாப் போய் நின்னா மைக்செட்காரருக்கு என்ன வேலைன்னுதான் கேப்பாங்க. இப்ப ஒரு மணி நேரத்துல ஆரம்பிச்சா 2028-க்கு ஒரு முழு நாள் நடத்தற அளவுக்குப் பழக்கம் வந்துடும், அந்தச் சனிக்கிழமை எலப்புள்ளிக்கே போய் நடத்தலாம், அந்த ஊர்க்காரங்களும் சேந்துக்குவாங்கன்னு எனக்கு நம்பிக்கை இருக்கு.

அன்னைக்கு க்விஸ் நடத்தின தம்பி இதைப் படிச்சா வருத்தப்பட வேண்டாம். உங்களுக்கு யாரும் சொல்லித் தரல, அது எங்க தலைமுறை பண்ணின தப்பு, எங்கப்பா எனக்குச் சொன்னதை நான் உங்களுக்குச் சொல்லியிருக்கணும், இத்தனை வருஷம் உங்க கிளப்புல செட்டு கட்டிட்டு வாயைத் தொறக்கல. ஒரு நாள் சாயங்காலம் கடைக்கு வாங்க. அப்பாவோட ரெக்கார்டுங்க ஒரு மரப்பெட்டில இன்னும் இருக்கு, பிளேயரும் ஓடுது, பெல்ட் மாத்திட்டேன். 'பணிதீராத்த வீடு' ரெக்கார்டு மட்டும் என்கிட்ட இல்ல, உங்க வீட்டுப் பரணுல எங்கயாவது இருந்தா எடுத்துட்டு வாங்க, ஜூன் 24 எட்டு மணிக்கு அதுலயே ஆரம்பிச்சுடலாம்.

கமிட்டி கூடி முடிவு பண்ணிச் சொல்லுங்க. 23-ந்தேதி சாயங்காலம் மழை இல்லாட்டி அன்னைக்கே வந்து வயர் இழுத்துடறேன்.

அன்போட,
உங்க மைக்செட் அண்ணன்